அண்ணனின் டிரங்குப் பெட்டி: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அண்ணனை மேடையில் பார்த்தவர்கள், அவர் எடுத்த படங்களை ஏதோ ஒரு திரையிடலில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், ஒரு நாளாவது அவரிடம் ஒத்திகையில் திட்டு வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதம் வருகிறது. அவர் விட்டுச் சென்ற பதிவுகளைக் காப்பாற்ற வேண்டும். எடுத்து முடித்தும் தொகுக்காமல் நின்றுபோன அவருடைய கடைசிப் படத்தை முடிக்க வேண்டும். இரண்டுக்கும் பணம் தேவை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறோம்.

போன மாதம் அண்ணி டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். வீடியோ கேசட்டுகள், மினி டி.வி. (MiniDV) எனும் சின்ன டிஜிட்டல் வீடியோ நாடாக்கள், தகர டப்பாக்களில் 16 எம்.எம். ஃபிலிம் சுருள்கள். ஒரு டப்பாவின் மூடியைத் திறந்ததுமே காடி (வினிகர்) நெடி மூக்கில் ஏறியது. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் வரும் நெடி அது. தொடங்கிவிட்டால் நிறுத்த வழியில்லை. குளிர்ச்சியாக, ஈரம் படாமல் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அதற்குள் நகலெடுத்துவிடலாம். கேசட்டுகளின் நிலைமையும் கவலைதான். ஈரத்தை இழுத்த நாடாவை அப்படியே ஓட விட்டால் காந்தப் பூச்சு உரிந்து பிளேயரின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். உரிந்த இடத்தில் இருந்த படம் போனது போனதுதான்.

கேசட்டுகளின் முதுகில் எல்லாம் அண்ணனின் கையெழுத்து. ஒன்றில், “சத்தம் போச்சு, முகம் இருக்கு.” இன்னொன்றில், “மூணாவது டேக். விரலைப் பார்.”

அந்த விரல் எது என்று எங்களுக்குத் தெரியும். மகன் இனி வரப்போவதில்லை என்ற செய்தியை அண்ணன் கேட்கும் காட்சி அது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்பார். பாதி நுழைந்த பொத்தானில் விரல் அப்படியே நின்றுவிடும். முகத்தில் ஒன்றும் மாறாது. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை குரலைக் கொண்டுபோன அதே மனிதர்தான் இவரா என்று இருக்கும். மேடைக்கு வேறு அளவு, காமிராவுக்கு வேறு அளவு என்பார். ஆனால் உழைப்பு ஒன்றுதான். ஒத்திகையில் இல்லாத கதவைத் திறக்கச் சொல்வார். “கைப்பிடி எந்த உயரத்தில இருந்துச்சு?” என்று கேட்பார். அடுத்த முறை கை அதே உயரத்துக்குப் போகாவிட்டால் காட்சி முதலிலிருந்து தொடங்கும். இன்று எங்களில் பலர் நடித்துச் சம்பாதிக்கிறோம் என்றால் அந்தக் கதவு போட்ட பிச்சை.

மற்றவர்கள் எடுத்த படங்களில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் வக்கீல், இன்ஸ்பெக்டர், கதாநாயகியின் மாமா மாதிரியான வேஷங்கள். எதையும் கேவலமாக நினைத்ததில்லை. அந்தச் சம்பளம் வந்த வாரமே காமிரா வாடகையாகப் போய்விடும். அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஜான் கசாவெட்டீஸைப் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு வாரம் போகாது. நடிப்புப் பயிற்சிப் பட்டறையில் பிறந்த ஒரு காட்சியைப் படமாக்க நினைத்த கசாவெட்டீஸ், 1957-இல் வானொலியில் போய்ச் சாதாரண மனிதர்களிடம் பணம் கேட்டார். வானொலியைக் கேட்டவர்கள் அனுப்பினார்கள். அதிலிருந்துதான் 1959-இல் ‘ஷேடோஸ்’ வந்தது. அப்புறமும் பெரிய படங்களில் நடித்துச் சம்பாதித்ததைத் தன் படங்களில்தான் கொட்டினார். நம் பக்கத்திலேயே கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேஸா என்ற திரைப்படக் குழு நண்பர்களும் மக்களிடம் காசு திரட்டி 1986-இல் ‘அம்ம அறியான்’ படத்தைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் இதையெல்லாம் சொல்வார், தனக்காக மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

கடைசிப் படம், வசனம் மறக்கத் தொடங்கும் ஒரு மேடை நடிகனைப் பற்றியது. அவரே நடித்து, கையில் காசு வரும்போதெல்லாம் எடுத்து, நான்கு வருஷத்தில் படப்பிடிப்பை முடித்தார். தொகுப்புக்கான நோட்டு எங்களிடம் இருக்கிறது. 38-ஆவது காட்சி வரை வரிசை தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு துண்டுச் சீட்டுகள்தான். அவர் இல்லாமல் அதைத் தொடலாமா என்று எங்களுக்குள் நிறையப் பேசினோம். அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் 1970 முதல் 1976 வரை எடுத்த ‘தி அதர் சைட் ஆஃப் த விண்ட்’ படத்தை, அவர் 1985-இல் இறந்த பிறகு, அவருடைய குறிப்புகளை வைத்து மற்றவர்கள் தொகுத்து 2018-இல் வெளியிட்டார்கள். அந்தப் படமே இல்லாமல் போயிருப்பதைவிட அது மேல் என்பது எங்கள் முடிவு. எந்தக் காட்சியோடு அண்ணனின் வரிசை முடிகிறது, எங்கிருந்து எங்கள் வரிசை என்பதைப் படத்திலேயே எழுத்தில் போடுவோம். அண்ணியும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்.

சரி, பணம் எதற்கெல்லாம் போகும்? 400 அடி 16 எம்.எம். சுருள் ஒன்று ஓடுவது சுமார் 11 நிமிடம். அதற்குள் 16,000 சட்டகங்கள். ஒவ்வொன்றும் சுத்தமாகி ஸ்கேன் ஆக வேண்டும். பெரிய செலவு இதுதான். கேசட்டில் குறுக்கு வழி கிடையாது, ஒரு மணி நேர நாடாவை நகலெடுக்க ஒரு மணி நேரம் ஓட விட்டே ஆக வேண்டும். இந்த வீடியோ கேசட்டுகளை ஓட்டும் வி.எச்.எஸ். பிளேயர் தயாரிப்பு 2016-இலேயே நின்றுவிட்டதால், பழைய பிளேயரைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துத்தான் ஓட்டப் போகிறோம். அப்புறம் தொகுப்பாளர், ஒலிச் சீரமைப்பு, ஹார்ட் டிஸ்க்குகள். எல்லாப் பதிவுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு இடத்தில். குழுவில் இருக்கும் யாரும் கூலி வாங்கவில்லை.

முடிந்ததைக் கொடுங்கள். ஒரு கேசட்டின் செலவை ஒருவர் ஏற்கலாம், ஒரு சுருளின் செலவை நாலு பேர் சேர்ந்து ஏற்கலாம். பணம் குழுவின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் வரட்டும். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் அதிலிருந்து எடுக்க முடியாது. ரசீது உண்டு, மாதா மாதம் வரவு செலவு அனுப்புவோம். காடி நெடி வந்த சுருள்கள்தான் முதலில் ஸ்கேனுக்குப் போகும், எனவே இந்த மாதமே வரும் தொகை எங்களுக்குப் பெரிய உதவி. படம் முடிந்ததும் முதல் திரையிடல் கொடுத்தவர்களுக்கும் அண்ணிக்கும்தான்.

இன்னொரு கோரிக்கை. அண்ணனின் நாடகத்தை யாராவது கேசட்டில் பிடித்து வைத்திருக்கலாம், பழைய நோட்டீஸோ புகைப்படமோ பரணில் கிடக்கலாம். தேடிப் பாருங்கள். கேசட் கிடைத்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே எங்களிடம் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணனின் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்த குழு