ஒட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு கடைக்காரர்கள் தங்கள் இணையதளத்துக்கு யார் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்படி எழுதுபவர்கள் குறைவு, அதற்காகவே பாராட்டலாம். ஆனால் ஒரு நிறுவனத்திடமிருந்து ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல்) வாங்கி, பக்கத்தின் நிரலில் ஹெட் எனப்படும் மேல்பகுதியில் ஒட்டிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். எனக்கு அங்கேதான் இடித்தது.

பெங்களூரில் லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, சிவாஜிநகர் பக்கத்துக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். "அந்த கோடு போட்டாச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கோடு என்றால் அந்த ஸ்கிரிப்ட்தான். அது என்ன கோடு என்று திருப்பிக் கேட்டால் அவருக்கும் தெரியாது. மார்க்கெட்டிங் ஏஜென்சியில் சொன்னார்களாம்.

ஒட்டுவது ஒரு வரிதான். அந்த வரி வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து பெரிய நிரல் ஒன்றை இழுத்துவருகிறது. வந்த பிறகு அது வெளியாள் எழுதியது என்று பிரவுசர் பிரித்துப் பார்க்காது. நீங்கள் எழுதிய நிரலுக்கு என்ன உரிமையோ அதுவே அதற்கும். எங்கே கிளிக் செய்தார், எவ்வளவு தூரம் ஸ்க்ரோல் செய்தார் என்பதோடு, ஃபார்மில் தட்டிய எழுத்துகளையும் அதனால் படிக்க முடியும். பர்சனலைசேஷன் என்றால் வருபவருக்கு ஏற்பப் பக்கத்தையே மாற்றி எழுதும் வேலை, அதுவும் அதே உரிமையில்தான் நடக்கிறது. இன்று வரும் நிரல்தான் நாளையும் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. 2024-இல் பாலிஃபில்.ஐஓ என்ற டொமைன் கைமாறியபோது இதுதான் நடந்தது. அங்கிருந்து ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள், தாங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலேயே, வந்தவர்களைக் கண்ட இடத்துக்கெல்லாம் திருப்பிவிடும் நிலைக்கு ஆளாயின.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பிரிட்டனில் 2018-இல் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் மாட்டிக்கொண்ட கதை. இன்பென்டா என்ற நிறுவனத்தின் சாட் ஸ்கிரிப்டை அவர்கள் பணம் கட்டும் பக்கத்திலும் போட்டிருந்தார்கள். அந்த ஸ்கிரிப்டுக்குள் யாரோ புகுந்து, தட்டப்பட்ட கார்டு எண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பணம் கட்டும் பக்கத்தில் போடப்போவது தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்போம் என்றது இன்பென்டா. அது நியாயமோ இல்லையோ, 2020 நவம்பரில் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது டிக்கெட்மாஸ்டருக்குத்தான்.

அது சீமையில் நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தளம் நடத்துபவருக்கான முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. சட்டத்தின் 8-ஆம் பிரிவு, உங்கள் சார்பில் வேறொருவர் தரவைக் கையாண்டாலும், அவரோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், பொறுப்பு உங்களுடையது என்கிறது. ஏஜென்சி சொன்னது, டெவலப்பர் ஒட்டினார் என்றெல்லாம் கைகாட்ட முடியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோல் மருத்துவர் கூப்பிட்டார். "சைட் போன்ல வெள்ளையா நிக்குது, பேஷன்ட்ஸ் போன் பண்ணிக் கேக்கறாங்க" என்றார். போய்ப் பார்த்தால், ஒரு ஏஜென்சி பர்சனலைசேஷன் ஸ்கிரிப்ட் போட்டிருந்தது. இந்த வகை ஸ்கிரிப்டுகள், யாருக்கு எந்தப் பக்கம் காட்டுவது என்று முடிவாகும்வரை பக்கத்தை மறைத்து வைக்கும். பழைய பக்கம் ஒரு கணம் தெரிந்துவிட்டு மாறினால் அசிங்கமாக இருக்கும் அல்லவா, அதற்காக. 2023-இல் மூடப்பட்ட கூகுள் ஆப்டிமைஸ் என்ற இதே வகைச் சேவையில் இப்படி மறைப்பதற்கு வழக்கமான வரம்பு 4 விநாடி. சிக்னல் சரியில்லாத போனில் 4 விநாடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் காத்திருப்பார்கள்?

வெள்ளைத் திரையைச் சரிசெய்ய பக்கத்திலிருந்து எங்கெங்கே தரவு போகிறது என்று பிரவுசர் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அப்பாயின்ட்மென்ட் ஃபார்மில் 'உங்கள் பிரச்சினை என்ன' என்று ஒரு பெட்டி. அதில் தட்டுவதெல்லாம், சப்மிட் அழுத்துவதற்கு முன்பே, வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. வருகிறவர் பக்கத்தில் என்னென்ன செய்கிறார் என்று வீடியோபோலத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி அந்த ஸ்கிரிப்டில் இருந்தது, அதை ஆன் செய்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இந்த வகை ஸ்கிரிப்டுகள் இப்படி எழுத்துகளை அள்ளுவதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-லேயே காட்டியிருக்கிறார்கள். மருத்துவரிடம் மட்டும் சொல்லவேண்டிய விஷயத்தை, தட்டிவிட்டு வெட்கப்பட்டு அழித்தவர்கூட இருந்திருப்பார். அழித்த எழுத்துகளும் வெளியே போயிருக்கும்.

டியூஷன் சென்டர்களுக்கு இதைவிடக் கவனம் தேவை. 18 வயது நிறையாதவர்களைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் 9-ஆம் பிரிவு தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் கொஞ்சம் விலக்கு உண்டு. அது பாடத்துக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும்தான், அட்மிஷன் விளம்பரம் துரத்துவதற்கு அல்ல.

அப்புறம், பர்சனலைசேஷன் நமக்கு எதற்கு என்ற கேள்வி. கட்டுரையாளர் காட்டிய உதாரணம், தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழிலும் கன்னட வாடிக்கையாளருக்குக் கன்னடத்திலும் பக்கத்தைத் தானாகக் காட்டுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெங்களூரில் இடத்தை வைத்து மொழியை எப்படிக் கண்டுபிடிப்பது? சிவாஜிநகரில் ஒரே சந்துக்குள் தமிழ், உருது, கன்னடம் மூன்றும் உண்டு. மொபைல் டேட்டாவில் வருகிறவரின் ஐபி முகவரி (இணையத்தில் அவருடைய இணைப்புக்கான எண்) காட்டும் ஊரும் பல சமயம் அவர் இருக்கும் ஊர் இல்லை. பிரவுசர் தன் விருப்ப மொழியைச் சொல்லும்தான், ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் மேலே தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று பட்டன் வைத்தால் வேலை முடிந்தது. அழுத்தியதை நினைவில் வைத்துக்கொள்ள நம் தளத்தின் ஒரு சின்ன குக்கீ, அதாவது பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு, போதும். வெளி நிறுவனம் எதுவும் வேண்டாம்.

எண்ணிக்கை வேண்டுமா, தாராளமாக எடுக்கலாம். எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவேடான லாகே சொல்லும். அது போதாது என்றால் மட்டோமோ போன்ற திறமூல மென்பொருளை நம் சர்வரிலேயே நிறுவி, ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கலாம். வெளி ஸ்கிரிப்ட் காட்டும் கணக்கும் முழுக் கணக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சஃபாரி 2020-லிருந்து பிற தளங்களின் குக்கீகளை முழுவதுமாகத் தடுக்கிறது, விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் பலர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எல்லாம் தெரிந்தும் போடத்தான் வேண்டும் என்றால், சரி, போடுங்கள். ஆனால் பணம் கட்டும் பக்கம், லாகின், மருத்துவ ஃபார்ம் இவற்றில் வேண்டாம். சம்மதம் கேட்கும் பேனரையும் சோதித்துப் பாருங்கள். நான் பார்த்த பல தளங்களில் பேனர் வந்து நிற்பதற்குள் ஸ்கிரிப்ட் ஓடி முடித்திருக்கிறது, 'வேண்டாம்' என்று அழுத்தினாலும் நிற்பதில்லை. ஒருவர் 'சரி' என்ற பிறகுதான் ஸ்கிரிப்ட் உள்ளேயே வரவேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தமிழில் ஒழுங்காக எழுதப்பட்ட குக்கீ பேனரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த பகுதியில், ஸ்கிரிப்டுகளை ஒரே இடத்திலிருந்து ஏற்றி நிர்வகிக்கும் டேக் மேனேஜர் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். அதில் டெவலப்பரைக் கேட்காமலே ஏஜென்சிக்காரர் புது ஸ்கிரிப்டுகளை ஏற்றிவிடலாம். ஆகவே அந்தக் கணக்கை யார் பெயரில் திறப்பது, வெளியிடும் உரிமையை யாருக்குக் கொடுப்பது, ஏஜென்சியை மாற்றும்போது எதையெல்லாம் நீக்குவது என்பதையும் அவர் சேர்த்து எழுதினால், என் வாடிக்கையாளர்களுக்கு அந்த இதழை நானே வாங்கிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு