நெய்விளக்குக் கொல்லை

திருச்சி
3.3.2024

அன்புள்ள வசந்தா,

நலம். நீயும் பேரப் பிள்ளைகளும் கோயம்புத்தூரில் சௌக்கியமாக இருப்பீர்கள். மாசி மகத்துக்கு வேதாரண்யம் போய்விட்டு வந்தேன். நெய்விளக்கு கிராமத்தில் இருக்கிற உன் தென்னங்கொல்லையை விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடட்டுமா என்று எழுதியிருந்தாயே, அதனால் கோயிலில் இருந்ததைவிட உன் கொல்லையில் நின்ற நேரம்தான் அதிகம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதே.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ரயிலில் போனேன். நாம் ஏறிப் போன மீட்டர்கேஜ் வண்டி நின்று, பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்த ஊர் வேதாரண்யம். 2023 ஏப்ரலில்தான் அகலப்பாதை அகஸ்தியம்பள்ளி வரைக்கும் திரும்ப வந்திருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கரியாப்பட்டினம் தாண்டியதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் மா, தென்னை, புளி என்று அடைத்துக்கொண்டு நிற்கும், வீடு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இப்போது எங்கேயோ இருக்கிற வீட்டு மொட்டைமாடியில் துணி காய்வது தெரிகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் ஊர் தேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சாய்ந்த மின்கம்பங்களுக்கெல்லாம் பதிலாக அப்போதே புதிதாக நட்டுவிட்டார்கள். மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் கம்பம் போன புயல் அது, வெளியூர்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று கம்பி இழுத்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிக் கண் கலங்குகிறாள். கடல் தூக்கிப் போட்ட சேறு புஷ்பவனம் கரையில் மூடிக் கிடந்ததே, அதுவும் போய்ப் படகுகள் கடலுக்குப் போகின்றன. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். கரை உடைந்த அளங்களைச் செப்பனிட்டு, அடுத்த பருவத்திலேயே உப்பு வார ஆரம்பித்துவிட்டோம் என்றார் அங்கே இருந்த பெரியவர். உப்புக்கு வெயில் இருந்தால் போதும். மரத்துக்கு அப்படியா?

அம்மா 1952 புயலையும் பார்த்தவள். அப்போது மனிதர்கள் போனார்கள், இப்போது நிழல் போச்சு என்கிறாள். கஜாவில் முன்கூட்டியே எச்சரித்து, ஜனங்களைப் புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கூட்டிப் போனதால் எத்தனையோ உயிர் பிழைத்தது. அதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். ஆனால் விழுந்த தென்னைக்கு ஒரு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று கணக்குப் போட்டார்கள். நல்ல மரம் வருஷத்துக்கு நூறு காய் கொடுக்கும். அது ஒரு வருஷக் காய்க்கே சரியாகப் போய்விடும், வசந்தா. மறுபடி காய் பார்க்கக் குட்டை ரகமென்றால் மூன்று நான்கு வருஷம், நெட்டையென்றால் ஆறு ஏழு வருஷம். அதுவரைக்கும் எதைத் தின்பது? அதனால்தான் நம் தெருப் பையன்களில் பாதிப் பேர் திருப்பூரில் இருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம். விழுந்த மரங்களை வாங்க ஆளில்லாமல் பல பேர் கொல்லையிலேயே போட்டுவிட்டார்கள். மட்கிய தென்னந்தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அது பெருகிப் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளின் குருத்தைக் குடைந்துவிட்டது. மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் விரிகிறது. உன் கொல்லையிலும் சில பிள்ளைகள் அப்படித்தான் போயின. மீதியை உன் சித்தப்பாதான் காப்பாற்றியிருக்கிறார். குருத்துக்குள் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுப்பதும், மட்டை இடுக்கில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து போடுவதுமாக, இந்த வயதிலும் ஒற்றை ஆளாக அலைகிறார். மேற்கு வரிசையில் சில மரங்கள் பாளை விட்டுவிட்டன. ஒன்றில் பிஞ்சுக் குரும்பையைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

அப்புறம், கிணற்றடி ஒட்டு மாமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது செத்துப்போனது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? சாகவில்லை. கிழக்கே தலை வைத்து விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. பாதி வேர் மேலே காய்ந்து நிற்கிறது, பாதி மண்ணுக்குள் இருக்கிறது. படுத்த அடிமரத்திலிருந்து நாலு கிளை நேராக மேலே கிளம்பி, ஒவ்வொன்றும் என் தொடை கனத்துக்கு வந்துவிட்டது. சித்தப்பா மூங்கில் முட்டுக் கொடுத்து, வேரடியில் மண் அணைத்திருக்கிறார். நான் போனபோது கொத்துக் கொத்தாகப் பூத்து, தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. பட்டை வெடித்த இடத்தில் பிசின் கசிந்து இறுகியிருந்தது. நான் அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விலைக்குக் கேட்பவர் தென்னை வைக்கக் கேட்கவில்லை. உன் கொல்லையின் தென்பக்கம் மேடு இருக்கிறதே, அந்த மணலுக்காகக் கேட்கிறார். பேச்சோடு பேச்சாக அவர் ஆளே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டானாம். நம் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். காவிரி நமக்குக் கடைமடைக்கும் கடைமடை, குடிக்கிற தண்ணீரே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. மண்ணில் இருக்கிற நல்ல தண்ணீர் என்பது மழை பெய்து மணல்மேட்டில் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணீர்மேல் மிதந்து நிற்பதுதான். அதை நம்பித்தான் குட்டை வெட்டிக் குடத்தில் மொண்டு முல்லைக்கு ஊற்றுகிறார்கள். மேட்டை அள்ளினால் அந்தத் தண்ணீர் தங்க இடமில்லை. உன் கொல்லை மட்டும் போகாது, சுற்றி இருக்கிற முல்லைக் கொல்லை அத்தனையும் உப்படித்துப் போகும். புயல் கூட மேட்டை விட்டுவிட்டுத்தான் போனது.

உனக்குப் பணமுடை இருப்பது தெரியும். அதை லேசாக எண்ணி இதை எழுதவில்லை. மேட்டுக்குக் கீழே வரப்போரமாகக் கிடக்கிற நிலத்தை முல்லை போடப் பக்கத்துக் கொல்லைக்காரர் குத்தகைக்குக் கேட்கிறார். பெரிய தொகை வராது, ஆனால் வருஷா வருஷம் வரும். மரம் காய்ப்புக்கு வந்த பிறகு கணக்கே வேறு. தென்னையை மட்டும் நம்பாமல் மேட்டோரம் பனையும் புன்னையும் வைக்கச் சொன்னேன். கடற்காற்றுக்கு நிற்கிற மரங்கள் அவை. பனங்கொட்டை எடுத்து வைத்திருப்பதாகச் சித்தப்பா சொன்னார்.

கோடியக்கரைக்கும் ஒரு நடை போனேன். காடு திரும்பக் கிளைத்திருக்கிறது, பழைய உயரம் இல்லை. வெளிமான் கூட்டம் ஒன்றைப் பார்த்தேன், குட்டிகளோடு. புயலில் எத்தனையோ மான்கள் செத்து ஒதுங்கிய இடம் என்பதால் ரொம்ப நிம்மதியாக இருந்தது.

கோயிலில் மறைக்கதவு திறக்கிற அன்று, வேதங்கள் பூட்டிய கதவை அப்பர் பாடித் திறந்தாராம் என்கிற அந்த ஐதீக விழாவுக்கு, நல்ல கூட்டம். அப்பர் பதிகத்தை ஓதுவார் எடுத்ததும் உன் ஞாபகம்தான், சின்ன வயதில் நீ அதைக் கணீரென்று பாடுவாய்.

பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதே. பங்குனிக்குள் ஒரு தடவை வந்து மேட்டையும் மரத்தையும் நேரில் பார். என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல், திருச்சி ஜங்ஷனுக்கு வந்து உன்னோடு சேர்ந்துகொள்கிறேன். சித்தப்பாவுக்கு மூட்டுவலித் தைலம் அங்கே நல்லதாகக் கிடைத்தால் வாங்கி வா. கேட்கக் கூச்சப்படுகிறார்.

அன்புடன்,
சாரதா