அக்காவுக்கு: அந்தப் புகாரை நான் கொடுக்கப்போகிறேன்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் ஆண்டுத் திவசத்தன்று, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பின்னர், "செத்துப்போன மனிசிக்காக இனி யாரிடம் போய் நியாயம் கேட்கப்போகிறாய்?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அதற்கான பதிலை எல்லோரும் வாசிக்கக்கூடிய இடத்தில், உங்கள் அனுமதி இல்லாமல் எழுதுகிறேன். அதற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். தனியாக எழுதியிருந்தால் வழக்கம்போல நமக்குள்ளேயே பேசி அடங்கிவிடுவோம். ஆனால் அம்மா கடைசியில் இருந்த முதியோர் இல்லத்தில், அவர் கட்டிலுக்கு இரு பக்கமும் கிடந்தவர்கள் இன்னும் அங்கேதான் கிடக்கிறார்கள். இல்லத்தின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதமாட்டேன். அவை நான் அதன்மீது கொடுக்கும் புகாரில் இருக்கும்.

படுக்கைப்புண்ணைப் பற்றி வைத்தியர் உங்களிடமே சொல்லிவிட்டார். தண்ணீரைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. பார்வையாளர் நாளல்லாத ஒரு பின்னேரம், கல்முனையிலிருந்து திரும்பும் வழியில், அறிவிக்காமல் உள்ளே போனேன். அம்மாவின் நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர்ப் போத்தல் எதிர்ச்சுவரோரம் அலுமாரியின் மேல், எழுந்து நடக்கக்கூடியவருக்கு மட்டுமே எட்டும் உயரத்தில் இருந்தது. நான் அதை எடுக்க எழுந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் புள்ள, ஏசுவாங்க" என்றார். நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதில்லையாம். குடித்தால் இரவில் பம்பர்ஸ் மாற்ற வேண்டிவருமாம். வாசலுக்கு வந்த எவருக்கும் முதலில் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டே பேசத் தொடங்குகிற நம் அம்மா, பெற்ற மகள் ஊட்டிய தண்ணீரைக் கதவைப் பார்த்துப் பார்த்து விழுங்கினார். வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் கேக்கல்ல, மகள்தான் தந்தவ" என்று, யாரும் கேட்பதற்கு முன்னரே சொன்னார்.

வயது போகப் போகத் தாகத்தை உணரும் சக்தி குறையும் என்பதையும், உடலில் நீர் குறைந்தால் முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் மனக்குழப்பமும் வரலாம் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அம்மா பிதற்றியபோது "வயசுபோன மறதி" என்று நிர்வாகம் சொன்னது, நீங்களும் நம்பினீர்கள். தானாக அசைய முடியாத ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்கவைப்பது தாதியருக்கு முதலிலேயே கற்பிக்கப்படும் வேலை. நாரியில் அப்படிப் பள்ளம் விழும்வரை அவரை மல்லாக்கவே விட்டிருக்கிறார்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் கண்டது பவுடர் பூசித் தலைவாரிய முகம். முதுகை யாரும் காணொளியில் காட்டுவதில்லை, அக்கா.

மாதம் தவறாமல் பணம் அனுப்பினீர்கள். இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் "காசு கட்டுகிறோம்தானே" என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு எரிந்தது. நம் பகுதி வழக்கப்படி தான் குடியிருந்த வீட்டையும் வளவையும் உங்களுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தவர், மகளின் வீட்டிலேயே கடைசிக் காலம் கழியும் என்றுதான் நம்பியிருந்தார். அந்த வீடு வாடகைக்குப் போனது. சொந்தக்காரர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை. நான் ஏன் அம்மாவை வைத்துப் பார்க்கவில்லை என்று அவர்கள் கேட்டால், பெண் பிள்ளைகள் இல்லாத என் மாமி பக்கவாதத்தோடு என் வீட்டில் படுத்திருந்தார். இருவரைத் தூக்கிப் புரட்ட என் உடம்பில் பலம் இருக்கவில்லை. இல்லத்துக்கு நாம் இருவரும்தான் சம்மதித்தோம், அந்தச் சம்மதத்தை நான் இன்றும் குற்றமாக நினைக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 அன்று மட்டக்களப்பு கல்லடியில் கடல் வந்தபோது அம்மாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர் நீங்கள். உங்களுக்கு அம்மாமீது அன்பில்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்து அங்கே இரவு வேலை செய்த பிள்ளையின் பெயரைப் புகாரில் எழுதமாட்டேன். அத்தனை கட்டில்களுக்கும் இரவில் அவள் ஒருத்திதான். ஆள் போடாமல் மிச்சம்பிடித்த பணத்துக்காகத் தண்ணீரை நிறுத்தச் சொன்னவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள். தினமும் தேவாரம் பாடவைத்து, விருந்தினர் வந்தால் பூமாலையோடு படமெடுத்து மாட்டுவதை நான் பராமரிப்பு என்று ஏற்கமாட்டேன்.

பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் மனுவைக் கொடுக்கவிருக்கிறேன். பிரதி முதியோருக்கான தேசிய செயலகத்துக்குப் போகும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் இத்தகைய இல்லங்களைப் பதிவுசெய்வதற்கு ஏற்பாடு இருக்கிறது. அதே சட்டத்தின் கீழ், தங்களைப் பார்க்காத பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டுப் பெற்றோர் ஒரு சபையில் முறையிடவும் முடியும். ஆகவே விசாரிப்பவர்கள் நம் இருவரையும் கேள்வி கேட்கக்கூடும். கேட்கட்டும். குடும்பப் பெயர் கெடும் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பயத்தைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

நீங்கள் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளின் படங்களும், நிர்வாகம் உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகளும் எனக்கு வேண்டும். மனுவில் உங்கள் கையொப்பத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். அனுப்பாவிட்டாலும் மனு போகும்.

உங்கள் தங்கச்சி