தெரியாததைத் தெரியாததாகவே விடுங்கள்: ஸ்டார் ட்ரெக் முன்கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய எழுத்தாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இந்த மடலை எழுத வைத்தது. என் மகளுக்குப் பதிமூன்று வயது. 1966இல் தொடங்கிய பழைய 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடருக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' வழியாக உங்கள் உலகத்துக்குள் வந்தவள். மூன்று சீசனையும் பார்த்து முடித்துவிட்டு, "அம்மா, பழசையும் போடு" என்று அவளாகவே கேட்டாள். அந்த வார்த்தைக்கு எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். எதைப் போடுவது என்று யோசிக்கவே இல்லை. 1967 செப்டம்பரில் வந்த 'அமோக் டைம்' என்ற பழைய எபிசோடைப் போட்டேன்.

ஆரம்பத்திலேயே எண்டர்பிரைஸ் கப்பலின் நர்ஸ் சேப்பல், பாதி மனிதன் பாதி வல்கன் என்ற வேற்றுலக இனத்தவனான அதிகாரி ஸ்போக்குக்காக பிளோமீக் சூப் எடுத்துக்கொண்டு வருவாள். வழியில் டாக்டர் மெக்காய் அவளைச் சீண்டுவார், நீ நம்பிக்கையை விடவே மாட்டாயா என்கிற மாதிரி. அவள் அறைக்குள் போன வேகத்தில் வெளியே ஓடி வருவாள். பின்னாலேயே கிண்ணம் பறந்து வந்து எதிர்ச் சுவரில் மோதும். சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் ஒருத்தனை நேசிக்கிற பெண்ணின் முகம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவங்க ரெண்டு பேரும் லவ் பண்ணிப் பிரிஞ்சவங்கதானே? அப்புறம் ஏன் டாக்டர் ஒண்ணும் தெரியாத மாதிரி பேசறார்?"

புதுத் தொடரில் அப்படித்தான் காட்டியிருந்தார்கள். சமாளித்தேன். கொஞ்ச நேரத்தில் கப்பலின் மேல்தளத் திரையில் டி'பிரிங் தோன்றுகிறாள். அழகாக இருக்கிறாளே, யார் இவள் என்று கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா கேட்கிறாள். ஸ்போக் சொல்கிறான்: டி'பிரிங், என் மனைவி. அந்த ஒரு பதிலில் மேல்தளமே உறைந்து போகும். இத்தனை நாள் பக்கத்திலேயே நின்ற மனிதனைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைக்கிற நொடி அது. மகள் ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

"உஹுராவுக்கு எப்படிம்மா தெரியாம போகும்? நிச்சயதார்த்த விருந்தே அந்தக் கப்பல்லதானே நடந்துச்சு? பைக் சமைச்சாரே?"

சரிதான். 2023இல் நீங்கள் எழுதிய எபிசோடில் ஸ்போக்-டி'பிரிங் நிச்சயதார்த்த விருந்து அப்படித்தான் நடந்தது; பழைய தொடரின் கேப்டன் கிர்க்குக்கு முன் அந்தக் கப்பலின் கேப்டனாக இருந்தவர்தான் பைக். என்னிடம் பதில் இல்லை. அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்: "அப்ப பழசுல தப்பு பண்ணிட்டாங்க போல."

ஐயா, அம்மா, அந்த வாக்கியம் எனக்கு வலித்தது. தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய எபிசோடில் தப்பு இல்லை. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து வந்து அதன் அடியிலிருந்து ஒரு செங்கலை உருவியது நீங்கள். பழியை மட்டும் பழைய கதை சுமக்கிறது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பழைய எபிசோடில் ஒரு பாத்திரத்துக்கு ஒன்று தெரியாது என்றால், அந்தத் தெரியாமையைக் காப்பாற்றுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பொத்தானுக்கும் விளக்குக்கும் சண்டை போடுகிறவர்கள் இல்லை. 1966இன் அட்டைச் சுவர்களை அப்படியே மறுபடி கட்டச் சொல்லவில்லை. கிளிங்கான் என்ற வேற்றுலக இனத்தாரின் நெற்றி 1979இல் மாறியபோதும் நாங்கள் ஓடிப் போய்விடவில்லை. நடிகர் மாறலாம், உடை மாறலாம், கப்பல் பளபளக்கலாம். ஆனால் யாருக்கு எது எப்போது தெரிய வந்தது என்பது கதையின் எலும்பு. அதில் கை வைத்தால் கதை நிற்காது.

கோர்ன்கள் என்ற பல்லி போன்ற வேற்றுலக இனத்தைப் பாருங்கள். 1967 ஜனவரியில் வந்த 'அரீனா'வில் கிர்க்குக்கும் அவன் ஆட்களுக்கும் கோர்ன் என்றால் யாரென்றே தெரியாது. செஸ்டஸ் குடியிருப்பை அழித்தவர்கள் மேல் அவனுக்குக் கொலைவெறி. கந்தகமும் கரியும் வெடியுப்பும் பொறுக்கி, மூங்கிலில் பீரங்கி செய்து, எதிரியைக் கீழே வீழ்த்திவிட்டு, கத்தியை ஓங்கிய கையை நிறுத்துகிறான். ஒருவேளை நாம்தான் அவர்கள் இடத்துக்குள் நுழைந்துவிட்டோமோ, அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் தாக்கினார்களோ என்ற சந்தேகம் அவனுக்குள் வருகிறது. முன்பின் தெரியாத ஒருவன்மேல் காட்டுகிற இரக்கம் என்பதால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. உங்கள் முன்கதையில் கோர்ன்கள் மனித உடலுக்குள் முட்டையிடுகிறார்கள். உஹுராவை வழிநடத்திய ஹெம்மர் அதனால்தான் உயிரை விடுகிறார். கப்பலின் பாதுகாப்பு அதிகாரி லா'ன் குழந்தையாக இருந்தபோதே அவர்களிடம் சிக்கி மீண்டவள். இத்தனையும் எண்டர்பிரைஸின் அனுபவம் என்றால், 'அரீனா'வில் அதே மேல்தளத்தில் இருக்கும் ஸ்போக்கும் உஹுராவும் கேப்டனிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இந்தக் கேள்வியோடு 'அரீனா' பார்க்கிற பிள்ளைக்குக் கிர்க்கின் இரக்கம் எப்படிப் புரியும்? பயங்கரமான வேற்றுலக உயிர் வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை உண்டாக்கியிருக்கலாமே. பழைய பெயரைக் கேட்டதும் எங்களுக்குச் சிலிர்க்கும் என்பதற்காகவா கோர்னைக் கூப்பிட்டீர்கள்?

உங்களால் முடியாது என்றால் கேட்டிருக்க மாட்டேன். முடியும் என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2001 முதல் 2005 வரை வந்த, கிர்க்குக்கு முந்தைய காலத்தில் நடக்கும் 'எண்டர்பிரைஸ்' தொடரில் ரோமுலன்கள் என்ற எதிரி இனத்தார் வருகிறார்கள். ஆனால் பழைய எபிசோடான 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'படி கிர்க்கின் காலத்துக்கு முன் எந்த மனிதனும் ரோமுலன் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுதியவர்கள் அதை மதித்தார்கள். தூரத்திலிருந்து இயக்கும் ஆளில்லாக் கப்பல் ஒன்றை வைத்துக் கதை பின்னி, ரோமுலன்களை எங்களுக்குக் காட்டினார்கள், அந்தத் தொடரின் கேப்டன் ஆர்ச்சருக்குக் காட்டவில்லை. அது உழைப்பு.

பைக்கையும் சொல்ல வேண்டும். 1966இல் அந்த மனிதரை நாங்கள் பார்த்தபோது சக்கர நாற்காலியில் முகம் கருகி உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றால் ஒரு முறை விளக்கு மினுக்கும், இல்லை என்றால் இரண்டு முறை. தன் முடிவு இதுதான் என்று தெரிந்தே வாழ்கிற பைக்கை நீங்கள் எழுதினீர்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கையால் சமைத்துப் போடுகிற கேப்டன். இப்போது அந்த நாற்காலியைப் பார்த்தால் முன்னைவிட அதிகமாக மனசு பிசைகிறது. பழையதில் ஒரு வார்த்தைகூட உடையவில்லை, கூடித்தான் இருக்கிறது. இதைத்தான் கேட்கிறேன்.

இந்த வியாதி உங்களிடம் மட்டும் இல்லை. 2022இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' தொடரான 'ஓபி-வான் கெனோபி'யில் பத்து வயது லேயாவைக் கெனோபி கூடவே இருந்து காப்பாற்றுகிறார். ஆனால் 1977 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அவள் அவருக்கு அனுப்பும் செய்தியில், நீங்கள் என் தந்தையிடம் பணியாற்றினீர்கள் என்று முன்பின் அறியாதவள் போல அறிமுகம் செய்துகொள்கிறாள். எங்கே திரும்பினாலும் பழைய முகங்களைச் சீக்கிரமே சந்திக்க வைத்துவிடுகிறார்கள். 1987இல் உங்கள் முன்னோர் கிர்க்கை விட்டு ஏறக்குறைய நூறு வருஷம் பிந்தைய எதிர்காலத்துக்குப் போய், யாருக்கும் தெரியாத பிக்கார்ட் என்ற ஒரு புதுக் கேப்டனை நம்பினார்கள். அந்தத் துணிச்சல் எங்கே போனது? ஸ்போக்குக்கு ஒரு வளர்ப்புச் சகோதரி என்று 2017இல் ஆரம்பித்து, இரண்டே வருஷத்தில் அவளைப் பற்றியும் அவள் கப்பலைப் பற்றியும் யாரும் பேசக் கூடாது என்று கதைக்குள் தடை போட்டு, 'டிஸ்கவரி' என்ற அந்தக் கப்பலை 32ஆம் நூற்றாண்டுக்கு அனுப்ப வேண்டி வந்ததே. அந்தக் கதையை முதலிலேயே எதிர்காலத்தில் வைத்திருந்தால் தடைக்கே வேலை இருந்திருக்காது.

குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். உங்கள் மேல் கோபம் இருக்கிறது, ஆனால் இந்த உலகத்தின் மேல் உள்ள பிரியத்தால்தான் எழுதுகிறேன். 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' ஐந்தாவது சீசனின் 6 எபிசோடுகளோடு முடியும் என்று அறிவித்திருக்கிறீர்கள். இனி எந்த முன்கதையை எடுத்தாலும், ஒரு பழைய பெயரைத் தொடும் முன் அந்தப் பெயர் முதலில் வந்த எபிசோடை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். அதில் யாருக்கு என்ன தெரியாது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தெரியாததாகவே விட்டுவிடுங்கள். தயவுசெய்து.

அடுத்த ஞாயிறு 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' போடுவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். திரையில் அந்த ரோமுலன் தளபதி நிமிரும்போது, ஸ்போக்கின் காதும் புருவமும் அவனுக்கும் இருப்பதைப் பார்த்து மேல்தளம் ஸ்போக்கின் பக்கம் திரும்புமே, அந்த இடத்தில் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை. அவளோ, "அது பைக் எதிர்காலத்துக்குப் போற எபிசோட்லயே வந்துடுச்சும்மா, வேற போடு" என்கிறாள்.

இப்படிக்கு,
79 பழைய எபிசோடுகளையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு ரசிகை