துலிப்பின் நிறமும் அதற்கு முந்திய குளிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டக்கலைப் பக்கத்தில், வீட்டுத் தோட்டத்தில் பல வண்ணத் துலிப் மலர்களை வளர்ப்பது குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால், பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கிழங்கை மண்ணில் புதைத்து, தண்ணீர் ஊற்றி வந்தால் போதும் என்னும் எண்ணத்தையே அக்கட்டுரை வாசகர் மனத்தில் விட்டுச் செல்கிறது. துலிப்பைப் பொறுத்தவரை நிறம் கடைசியாக யோசிக்க வேண்டிய ஒன்று. கிழங்குக்குப் போதிய குளிர் கிடைக்குமா, அந்த வகை வசந்தத்தின் எந்தக் கட்டத்தில் பூக்கும், படத்தில் காணும் நிறம் உண்மையிலேயே அந்தச் செடியில் உண்டா என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இலைதான் மிஞ்சுகிறது. கட்டுரை விட்டுவிட்ட செய்திகளைப் புதிதாகத் தொடங்குவோரின் நலன் கருதி எழுத விரும்புகிறேன்.

முதலில் குளிர். துலிப்பின் காட்டினங்கள் மிகுதியாகக் காணப்படுவது மத்திய ஆசியாவின் தியான் ஷான், பாமிர் மலைத்தொடர்களில்தான். நீண்ட உறைபனிக் காலம், குறுகிய ஈரமான வசந்தம், வறண்ட கோடை என்னும் சுழற்சிக்குப் பழகிய செடி அது. கோடையில் இலைகள் காய்ந்த பிறகு கிழங்கு வெறுமனே உறங்குவதாக நமக்குத் தோன்றினாலும், உள்ளே அடுத்த ஆண்டின் மலர் அப்போதுதான் உருவாகிறது. நடவுக் காலத்தில் நல்ல கிழங்கு ஒன்றை நெடுக்காக வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், வெண்ணிறச் செதில்களின் நடுவே, ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத் தாள்களும் மூன்று மடலாகப் பிரிந்த சூலகமும் கொண்ட மிகச் சிறிய மலர் முழுதாக அமர்ந்திருப்பது தெரியும். ஒரு கிழங்கை இழந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி இது. அந்த மலரை மேலே தூக்கி நிறுத்தும் தண்டு நீள்வதற்குத்தான் குளிர் தேவைப்படுகிறது. ஏறக்குறைய 12 முதல் 16 வாரங்கள் வரை 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே, உறைநிலைக்குச் சற்று மேலே கிழங்கு இருந்தாக வேண்டும். அது கிடைக்காதபோது தண்டு நீளாமல் மொட்டு இலைகளுக்கு நடுவிலேயே குள்ளமாக விரியும்; சில நேரங்களில் வெளியே வராமலேயே காய்ந்துவிடும். மண்ணையும் உரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை.

குளிர்காலம் மெய்யாகவே குளிராக இருக்கும் இடங்களில் இயற்கை இந்த வேலையைத் தானே செய்துவிடும். வெப்பமான இடங்களில் கிழங்கைக் காகிதப் பையிலோ வலைப் பையிலோ போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உறைபெட்டிக்குள் வைத்துவிடாமல், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு: அதே பெட்டியில் ஆப்பிள் போன்ற பழங்களை வைக்கக் கூடாது. பழுக்கும் கனிகள் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்கினுள் இருக்கும் மலர்மொட்டைக் கருக்கிவிடும். வெளியிலிருந்து பார்க்கும்போது கிழங்கு குறையேதும் இல்லாததுபோலவே இருக்கும் என்பதால், பூக்கும் பருவம் வரும்வரை யாருக்கும் காரணம் தெரியாது. குளிரூட்டிய கிழங்கை வெளியே எடுத்தவுடன், ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில் நட்டுவிட வேண்டும். இவ்வாறு வளர்க்கும் துலிப்பை ஒரு பருவத்துப் பூவாகக் கருதுவதே நடைமுறைக்கு ஒத்தது. அடுத்த ஆண்டும் அதே கிழங்கு பூக்கும் என்று வெப்பமான இடங்களில் நம்பிக்கை ஊட்டுவது நேர்மையாகாது.

அடுத்தது நிறம் பற்றிய உண்மை. துலிப் இதழின் நிறம் பெரும்பாலும் இரண்டு வகை நிறமிகளின் கூட்டால் அமைகிறது. மஞ்சளைத் தருபவை கரோட்டினாய்டுகள். இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா ஆகியவற்றைத் தருபவை ஆந்தோசயனின்கள். மஞ்சள் அடித்தளத்தின் மேல் சிவப்பு படியும்போது ஆரஞ்சும் செம்பழுப்பும் கிடைக்கின்றன. வெள்ளை அடித்தளத்தின் மேல் படியும்போது ரோஜா நிறமும் ஊதாவும் கிடைக்கின்றன. இதழ் முழுவதும் தூய நீலமாக இருக்கும் துலிப் இன்றுவரை இல்லை. ‘நீலம்’ என்ற பெயரோடு விற்கப்படுபவை ஊதா அல்லது கத்தரிப்பூ நிறத்தவையே. கறுப்புத் துலிப்பும் அப்படித்தான். புகழ்பெற்ற ‘குயின் ஆஃப் நைட்’ வகையை மாலையில் பார்த்தால் கறுப்பாகத் தோன்றும். காலை வெயில் இதழின் பின்னாலிருந்து ஊடுருவும்போது அது ஆழ்ந்த கருஞ்சிவப்பு என்பது தெளிவாகும். அதன் அழகு அதனால் குறைந்துவிடவில்லை, ஆனால் வாங்குகிறவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுரையுடன் வெளியான, தீச்சுடர் போன்ற கோடுகள் கொண்ட மலரின் படத்துக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. 1590-களில் தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் லைடன் நகரத் தோட்டத்தில் துலிப்பை வளர்த்த பின்னர் நெதர்லாந்தில் அம்மலரின் மீது ஏற்பட்ட மோகமும், கிழங்குகளின் விலை தாறுமாறாக ஏறி 1637 பிப்ரவரியில் சரிந்ததும் பலரும் அறிந்த கதை. அன்று மிக உயர்வாக மதிக்கப்பட்ட ‘செம்பர் அகஸ்டஸ்’ போன்ற மலர்களில் வெள்ளை இதழின் மேல் ஓடிய செந்நிறக் கோடுகளுக்குக் காரணம் ஒரு வைரஸ் நோய். இந்த நிறச்சிதைவு ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றக்கூடியது என்பதை இங்கிலாந்தின் டோரத்தி கேலி 1928-இல் ஆய்வு மூலம் காட்டினார். அதைப் பரப்புபவை அசுவினிப் பூச்சிகள். வைரஸ் இதழில் நிறமி சீராகப் படிவதைக் குலைத்து, கிழங்கையும் ஆண்டுக்கு ஆண்டு மெலியச் செய்கிறது. ஆகவேதான் அப்பழைய வகைகளில் பெரும்பாலானவை மறைந்து போயின. இன்று தோட்டங்களுக்குக் கிடைக்கும் கோடுபோட்ட வகைகள், எடுத்துக்காட்டாக ஆரஞ்சு இதழில் ஊதாத் தீற்றல் கொண்ட ‘பிரின்சஸ் ஐரீன்’, நோயின்றி மரபணு வழியாகவே அந்த அழகைப் பெற்றவை. மாறாக, ஒரே நிறத்தில் பூத்துவந்த செடியில் திடீரென ஒழுங்கற்ற கோடுகள் தோன்றி, இலையிலும் வெளிறிய திட்டுகள் காணப்பட்டால், புது வகை கிடைத்துவிட்டதாக மகிழாமல் கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட வேண்டும். லில்லிச் செடிகளிலும் இந்த வைரஸ் தங்கும் என்பதால் இரண்டையும் அருகருகே நடாமல் இருப்பது நல்லது.

வகைத் தேர்வில்தான் கட்டுரை என்னை மிகவும் ஏமாற்றியது. துலிப் வகைகளைத் தோட்டக்கலையாளர்கள் பூக்கும் காலம், மலரின் வடிவம், மூல இனம் ஆகியவற்றைக் கொண்டு சுமார் 15 பிரிவுகளாகப் பகுத்திருக்கிறார்கள். இந்தப் பகுப்பைப் பொருட்படுத்தாமல் பல நிறங்கள் கலந்த பொட்டலத்தை வாங்கி நட்டால், ஒன்று பூத்து உதிர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று அப்போதுதான் மொட்டு விடும், உயரமும் ஒத்துப்போகாது. முன்பருவத்தில் ‘பியூரிசிமா’வின் பாலேடு போன்ற வெண்மை, புள்ளியிட்ட இலைகளுக்கு மேல் சிவக்கும் குட்டையான ‘ரெட் ரைடிங் ஹுட்’, மெல்லிய மணமுடைய ‘ஏப்ரிகாட் பியூட்டி’ ஆகியவை வரும். நடுப்பருவம் உயரமும் வலிமையும் கொண்ட டார்வின் கலப்பினங்களுடையது. அவற்றில் ‘அப்பல்டோர்ன்’ இன்றும் சளைக்காத சிவப்பு. நண்பகல் வெப்பத்தில் அது அகல விரியும்போது குனிந்து உள்ளே பாருங்கள்: அடியில் கறுப்புத் திட்டு, அதைச் சுற்றி மஞ்சள் கரை, நடுவில் கறுத்த மகரந்தப் பைகள். மாலையில் குளிர்ந்ததும் இதழ்கள் மூடிக்கொண்டு அந்த இன்னொரு நிறத்தை மறைத்துவிடும். இதழின் உட்புறமும் வெளிப்புறமும் வெப்பநிலைக்கேற்ப வெவ்வேறு வேகத்தில் வளர்வதே இதற்குக் காரணம். பின்பருவத்தில் ‘குயின் ஆஃப் நைட்’, லில்லி வடிவத்தில் கூர்மையான இதழ்கள் கொண்ட ‘ஒயிட் டிரையம்பேட்டர்’, அடுக்கடுக்கான வெளிறிய ரோஜா நிற ‘ஏஞ்சலிக்’, இதழோரம் கிழிந்து சுருண்ட கிளித் துலிப்புகள் எல்லாம் பூக்கும். வெள்ளை இதழின் நடுவில் பச்சை ஓடும் ‘ஸ்பிரிங் கிரீன்’ மற்றவை உதிர்ந்த பிறகும் நிற்கும். ஒரே ஒரு வகைதான் நட முடியும் என்றால் என் பரிந்துரை அதுவே.

எனவே, பருவத்துக்கு ஒன்றாக மூன்று வகைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து கிழங்குகள் கொண்ட திரளாக நடுவது பல நிறங்களை வரிசையில் கலந்து நடுவதைவிடச் சிறந்தது. ஒரே நேரத்தில் இரண்டு நிறங்கள் வேண்டுமென்றால் ஒரே பருவத்து வகைகளையே இணைக்க வேண்டும். கருஞ்சிவப்பும் வெள்ளையும் பின்பருவத்தில் சேர்ந்து நன்றாக அமையும். சிவப்பையும் அடர்மஞ்சளையும் சரிபாதியாக நெருக்கி நடுவதைப் பூங்காக்களுக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சிறிய தோட்டத்தில் அது கண்ணை உறுத்தும்.

நடவு முறையில் சொல்ல அதிகமில்லை. கெட்டியான, காயமில்லாத, 12 சென்டிமீட்டருக்குக் குறையாத சுற்றளவுள்ள கிழங்குகளையே வாங்க வேண்டும். சிறிய கிழங்கு ஒற்றை இலையை மட்டும் விட்டுவிட்டு அந்த ஆண்டை முடித்துக்கொள்ளும். கூர்முனை மேல்நோக்கி இருக்கும்படி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் கட்டாயம். களிமண்ணாக இருந்தால் பருமணலும் மட்கிய இலை உரமும் கலக்க வேண்டும். மற்ற வசந்தகாலக் கிழங்குகளைப் போல அவசரப்படாமல், இலையுதிர் காலத்தின் கடைசியில் மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நடுவதால், இலையையும் மொட்டையும் கருக்கும் பூஞ்சை நோயின் தாக்குதல் குறையும். அந்த நோய் கண்ட பாத்தியில் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் துலிப் நடக் கூடாது. கிழங்கில் உள்ள வேதிப்பொருள் சிலருக்கு விரல்நுனியில் அரிப்பும் வெடிப்பும் உண்டாக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது; நாய், பூனை கிழங்கைக் கடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூ உதிர்ந்த பிறகு செய்ய வேண்டியதைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. காய் பிடிக்காதபடி தலையை மட்டும் கிள்ளிவிட்டு, தண்டையும் இலையையும் தாமாக மஞ்சளாகிக் காயும்வரை, ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு, தொடாமல் விட வேண்டும். நட்ட கிழங்கு அந்த ஆண்டோடு தேய்ந்து முடிந்துவிடும். அதற்குப் பதிலாகப் புதிய கிழங்குகள் அந்த இலைகள் சேர்க்கும் உணவைக் கொண்டுதான் பருக்கின்றன. பார்வைக்கு நன்றாக இல்லை என்று பச்சை இலையை அறுப்பவர்கள் அடுத்த ஆண்டின் பூவையே அறுக்கிறார்கள். ஒரு பெரிய கிழங்கு இருந்த இடத்தில் பல சிறிய கிழங்குகள் உருவாகும்போது அவற்றில் எதுவும் பூக்கும் பருமனை எட்டாமல் போவதும் உண்டு; இரண்டாம் ஆண்டில் பூக்கள் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்டுதோறும் திரும்பிவரும் நிறம் வேண்டுவோர் டார்வின் கலப்பினங்களையோ, குளூசியஸின் பெயரைத் தாங்கிய ‘குளூசியானா’, மஞ்சளும் வெள்ளையுமாகத் தரையோடு விரியும் ‘டார்டா’ போன்ற சிறிய காட்டினங்களையோ நாடலாம். காட்டினம் என்றாலும் நாற்றங்காலில் பெருக்கப்பட்ட கிழங்கையே வாங்க வேண்டும். மலையிலிருந்து தோண்டி எடுத்ததை வாங்கக் கூடாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வானவில் நிறங்களிலும் பளிச்சென்ற நீலத்திலும் துலிப் பூக்களைக் காட்டி, அவற்றின் விதைகள் என்று பொட்டலங்களை விற்கும் விளம்பரங்கள் பெருகி வருகின்றன. விதையிலிருந்து வளரும் துலிப் பூப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். அப்போதும் தோட்ட வகைகளின் விதை தாய்ச்செடியின் நிறத்தையே தரும் என்ற உறுதி இல்லை. ஒரு வகையை மாறாமல் பெருக்குவதற்குக் கிழங்கே வழி. ஆகவே, இத்தகைய விளம்பரங்களைப் பற்றித் தங்கள் தோட்டக்கலைப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். இனி துலிப் படங்களை வெளியிடும்போது ஒவ்வொன்றின் கீழும் வகைப் பெயரும், பிரிவும், பூக்கும் பருவமும் குறிப்பிட்டால், கிழங்கு வாங்கச் செல்பவர் படத்தைக் காட்டி ‘இந்த நிறம்’ என்று கேட்காமல் வகைப் பெயரைச் சொல்லியே கேட்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்