கணினிக் கடிகாரத்தைக் கையால் திருத்துவது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகக் கணினிகளில் நேரம் பிசகினால் கையால் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கணினியில் நேரத்தை அளக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலே நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு 50 வினாடிக்கு மேல் விலகிவிடும். கெர்பரோஸ் (அலுவலகப் பிணையங்களில் பயனரை அடையாளம் பார்க்கும் முறை) உள்நுழைவு வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதைத் தாண்டினால் சரியான கடவுச்சொல் போட்டாலும் உள்ளே விடாது. கேமராவும் சர்வரும் வெவ்வேறு நேரம் காட்டினால், எது முதலில் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

தீர்வு என்டிபி, அதாவது பிணையம் வழியாகச் சர்வரிடம் நேரம் கேட்டுக் கணினிக் கடிகாரத்தைத் தானாகத் திருத்தும் முறை. ஆனால் என்டிபி சர்வர் இரண்டு கொடுத்தால் போதும் என்பது தவறான எண்ணம். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்று கணினிக்குத் தெரியாது. நான்கு கொடுங்கள், ஒன்று பிசகினால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஃபயர்வால் (பிணையப் போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பு). என்டிபி பயன்படுத்தும் வழியான யுடிபி 123ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் மற்ற அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை, எச்சரிக்கையும் கண்ணில் படாது. லினக்ஸில் க்ரோனி என்ற என்டிபி நிரல் இருந்தால் ‘க்ரோனிசி சோர்சஸ்’ (chronyc sources) கட்டளை கொடுத்து ‘ரீச்’ (Reach) எண்ணைப் பாருங்கள். 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. 0 என்றால் ஒன்றுக்கும் வரவில்லை.

மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி ஆண்டுக்கணக்கில் பின்னால் போயிருந்தால், என்டிபிடி (ntpd என்ற மற்றொரு என்டிபி நிரல்) 1000 வினாடிக்கு மேல் வித்தியாசம் கண்டதும் தானே நின்றுவிடும். அதைத் தொடங்கும் கட்டளையில் ‘-ஜி’ (-g) சேர்த்தால் முதல் முறை மட்டும் எவ்வளவு வித்தியாசமானாலும் திருத்தும். பேட்டரியையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

– பிணையப் பராமரிப்பாளர் ஒருவர்