பங்காளிக்கு, ஏஐ பற்றி

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலன் அறிய ஆவல். மகள் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிப்பில் சேரப்போவதாக எழுதி, அதில் எத்தனை வகை என்று கேட்டிருந்தாய். விடை எங்கிருந்து வருகிறது என்று பார், வகை பிடிபட்டுவிடும்.

பழைய வகையில் விதிகளை மனிதரே எழுதிக்கொடுப்பார்கள். 1997-ல் செஸ்ஸில் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ என்ற கணினியின் பலம், அப்படி எழுதிக்கொடுத்த விதிகளை வைத்து நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைத் தேடிப் பார்த்த வேகம்தான்.

அடுத்தது, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்பது. மாட்டுத்தாவணி மார்க்கெட் மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். மொட்டு எது, விரிந்த பூ எது என்று மெஷின் பிரிக்க வேண்டும். விதி எழுதி மாளாது. பாதி அவிழ்ந்ததை எதில் சேர்ப்பாய்? அதனால் 1,000 படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'மொட்டு', 'பூ' என்று ஆள் வைத்துப் பெயரிட வேண்டும். 800 படத்தைக் காட்டிப் பழக்கு. மீதி 200-ஐ அதன் கண்ணில் காட்டாமல் பரீட்சைக்கு வை.

சறுக்குவது இங்கேதான். மொட்டுகளை எல்லாம் விடியற்காலை டியூப்லைட்டிலும், விரிந்த பூவை எல்லாம் சாயங்கால வெயிலிலும் எடுத்திருந்தால், மாடல், அதாவது பழக்கிய மெஷின், பூவை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் படித்துக்கொள்ளும். பரீட்சைப் படமும் அதே குவியலில் வந்ததுதானே, மார்க் அள்ளும். கடையில் வைத்ததும் பட்டப்பகலில் மொட்டைப் பார்த்து 'பூ' என்று சொல்லும். பரீட்சைப் படத்தை வேறு நாளில், வேறு கடையில், வேறு செல்போனில் எடுக்க வேண்டும்.

பெயரிடுவதும் லேசுப்பட்ட வேலையில்லை. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறிய 2016-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில் நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. பயிற்சிக்கு மட்டும் 1,28,175 படங்கள். ஒவ்வொன்றையும் 3 முதல் 7 முறை மதிப்பிட்டார்கள். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் முடிவு மாறுமே!

பெயரே இடாமல் குவியலைக் கொடுத்தால், ஒத்ததை ஒத்ததோடு சேர்த்து வைப்பது இன்னொரு வகை. ஆடி ஆடி, வெற்றி தோல்வியைக் கொண்டு திருத்திக்கொள்வது மற்றொன்று. 2016-ல் கோ என்ற பலகை ஆட்டத்தில் லீ செடோல் என்ற பெரிய ஆட்டக்காரரை 4–1 என்று வென்ற ஆல்ஃபாகோ என்ற புரோகிராம் முதலில் மனிதர் ஆடிய ஆட்டங்களைப் படித்தது, பிறகு தன்னோடு தானே ஆடித் தேறியது.

இப்போது எல்லார் வாயிலும் இருப்பது, எழுதித் தரும் வகை. இதுவரை வந்த எழுத்தைப் பார்த்து அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று கணித்துக்கொண்டே போகும். தமிழுக்கு இதில் ஒரு பாரம் இருக்கிறது. 'மதுரை' என்ற சொல் கணினிக்குள் 15 பைட் (எழுத்தைச் சேமிக்கும் அளவு). ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட்தான். பைட் கூடினால், கணிக்க வேண்டிய துண்டுகளும் கூடலாம். படிக்கக் கிடைத்த தமிழும் குறைவு. அதனால் ஊர்க் கோயில் வரலாற்றைக் கேட்டால், இல்லாததையும் அடித்துச் சொல்லும். சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்லூரியை முடிவுசெய்யும் முன் சிலபஸை வாங்கிப் பார். புள்ளியியலும் நிகழ்தகவும் அணிக் கணக்கும் (மேட்ரிக்ஸ்) முதல் வருடத்திலேயே இருக்கின்றனவா என்று எழுது.

அன்புடன்,
உன் பங்காளி